சீப்பின் பல் எந்தப் பக்கம்

2024 ஜனவரி 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கண்ணாடிக் கடைக்கு வந்தவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். முதலாளி முத்துலிங்கம் அவரையும் விடவில்லை. வந்தது வந்துவிட்டீர்கள், மிஸ்ஸிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போங்கள் என்று என் முன்னால் உட்கார வைத்துவிட்டார். ஹட்டன் மழையும் எங்கள் முதலாளிக்கு ஒரு தரகர்தான்.

மாலை நான்கு மணிக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. என் பட்டத்தையும் ஒன்பது வருட வேலையையும் பார்த்து, எனக்குத் தகுதி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். எதற்கு? தேர்வு எழுதுவதற்கு! அங்கே கண் பரிசோதகராக வேலை செய்ய முதலில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் மெல்பேர்னுக்கே போய் ஆட்களை உட்கார வைத்துச் செய்முறைத் தேர்வு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டணம், தவறினால் திரும்பவும் கட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து கணவர் நிரோஷனிடம் காட்டினேன். சந்தோஷப்பட்டார். பிறகு மேசை லாச்சியிலிருந்து அந்தக் கட்டத்தாளை எடுத்தார். வட்டவளை ஸ்டேஷனுக்கு மேலே செல்லசாமி அண்ணன் எங்களுக்கென்று விற்காமல் வைத்திருக்கும் பத்து பேர்ச் காணி, அதில் நாங்கள் கட்டப்போகும் வீடு. இவர் கணக்கு வாத்தியார், வரைந்த படத்தில் ஒரு கோடு கோணாது. கல்யாணமாகி ஆறு வருடம் சேர்த்ததெல்லாம் அந்தக் காணிக்குத்தான். இதுவரை சான்றிதழ் மதிப்பீட்டுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் கட்டியது ஒரு பேர்ச்சின் விலைக்குக் கொஞ்சம் மேலே என்று சொல்லி, அழிறப்பரால் கோழிக்கூட்டையும் குளியலறையையும் அழித்தார்.

“அப்ப குளிக்கிறது எங்கங்க?” என்று கேட்டேன்.

“மழையில,” என்றார்.

ஜனவரி 15, தைப்பொங்கல்

தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனோம். பொங்கல் நன்றாக இருந்தது, பல்லில் கல் கடிபட்டதைத் தவிர. அரிசியில் கல் பார்க்கவில்லையா என்றால், கடைக்காரன் எடைக்குப் போட்டது என்கிறார். அம்மா வேலாயிக்கு ஐம்பத்தேழு வயது. நாற்பது வருடமாகக் கொழுந்து பறிக்கிறார். யார் மேல் பழி போடுவது என்பதில் அவருக்குத் தடுமாற்றமே கிடையாது.

ஆஸ்திரேலியா கதையைச் சொன்னேன். “ஒம்பது வருசமா கண்ணு பாக்குற. இன்னும் என்னத்தப் படிக்கணுமாம்?” என்றார். நியாயமான கேள்வி. பதிலை இங்கே எழுதுகிறேன்.

கடையில் நான் கண்ணாடிக்காரி. வில்லைப் பெட்டியும் ஒரு டோர்ச்சும்தான் என் கருவிகள். பொல்பிட்டியவிலிருந்து ஒருவர் இரண்டு வருடத்தில் மூன்று கண்ணாடி மாற்றினார். மூன்றும் நான் கொடுத்ததுதான். கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்ததை அளக்க என்னிடம் ஒன்றுமில்லை. எனக்குச் சந்தேகம் வந்து அவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியபோது ஒரு கண் போய்விட்டது. அவர் என்னைத் திட்டவில்லை, கும்பிட்டுவிட்டுப் போனார். அதுதான் இன்னும் வலிக்கிறது. கண்ணை முழுசாகப் பார்க்கும் இடத்தில் வேலை செய்ய வேண்டும் எனக்கு. சம்பளமும் வேண்டும், பொய் சொல்வானேன்.

உங்கள் கண் எப்படி என்று அம்மாவிடம் கேட்டேன். கொழும்பிலிருந்து வருடா வருடம் வரும் கண் முகாமில் கடைசி வரி வரைக்கும் சொல்லிவிடுகிறாராம். “எனக்கென்ன, கழுகுக் கண்ணு.” கடைக்கு வரச் சொன்னால் மட்டும் கழுகு வராது.

ஜனவரி 27

தேர்வு எழுதுகிறவர்களின் வாட்ஸப் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். முன்னால் எழுதியவர்கள் ஞாபகத்திலிருந்து எழுதி வைத்த கேள்விகள், விடையோடு அறுநூற்று நாற்பது. பாதிக்கு மேல் அப்படியே வருமாம். இது சரிதானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். எல்லோரும் செய்கிறார்கள் என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன். தேர்வு மார்ச் 16. ஒரு நாளைக்கு இருபது பாடம் பண்ணினால் போதும்.

பெப்ரவரி 6

212 வரைக்கும் பாடம். நிரோஷன் எண்ணைச் சொன்னால் நான் விடையின் எழுத்தைச் சொல்கிறேன். 47? ஏ. 130? டி. 212? சி. பஸ்ஸில் பின் சீட்டுக்காரர் இதைக் கேட்டு, லொத்தர் நம்பர் என்று நினைத்துக் கையில் எழுதிக்கொண்டார். அவருக்காவது விழட்டும்.

பெப்ரவரி 18, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அம்மாவின் தோட்டத்தில் கண் முகாம். இந்த முறை இளைஞர் மன்றம் எங்கள் கடையைக் கேட்டது. முதலாளி வான் பிடித்துக் கொடுத்தார். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் தொட்டில்களை ஓரம் கட்டிவிட்டுப் படத்தை மாட்டினேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கான படம்: மூன்று பல் வைத்த உருவம், பல் மேலே, கீழே, இடம், வலம் என்று மாறி மாறி இருக்கும், வரி இறங்க இறங்கச் சிறுக்கும். இங்கே அதைச் சீப்பு என்பார்கள். சீப்புக்குப் பல் எந்தப் பக்கம் என்று கேட்டால் கையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

வந்தவர்கள் அறுபத்தொரு பெண்கள். எல்லோரும் நாற்பது தாண்டியவர்கள். முதல் முப்பது பேரும் கடைசி வரி வரைக்கும் சரியாகக் காட்டினார்கள். முப்பது பேரும்! எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மலைக்காற்று, பச்சை இலை, நல்ல கண் என்று ஏதோ நினைத்துக்கொண்டேன். ஒன்பது வருட அனுபவத்தின் லட்சணம் இது.

முப்பத்தொன்றாவது காளியாயி அக்கா. உள்ளே வரும்போதே நாற்காலி என்று நினைத்துத் தொட்டிலில் உட்காரப் போனார். பிடித்து உட்கார வைத்தேன். அவரும் கடைசி வரியைக் கடகடவென்று காட்டினார். எழுந்து போய்ப் படத்தைக் கழற்றித் தலைகீழாக மாட்டினேன். இப்போது மேல் கீழாகி, இடம் வலமாகியிருக்கும். மேலே போய்விட்ட அந்தச் சிறிய வரியையே மறுபடி கேட்டேன். காளியாயி அக்கா முன்பு காட்டியதையே, ஒன்றுகூடப் பிசகாமல் காட்டினார்.

வெளியே எட்டிப் பார்த்தேன். வரிசையின் முன்னால் என் அம்மா. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று, பின்னால் உள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். “மேல, சோத்துக்கை, கீழ, கீழ, பீச்சங்கை. சொல்லு.” எல்லோரும் சொன்னார்கள். கொழும்பு முகாமிலும் வருடா வருடம் இதே படம்தானாம். அம்மாதான் வாத்தியார்.

கத்திவிட்டேன். எல்லோர் முன்னாலும், பெற்ற தாயைப் பார்த்து. என்ன கேவலம் இது, யாரை ஏமாத்துறீங்க, என்னையா, உங்களையேவா — இன்னும் என்னென்னவோ. அம்மா பதிலுக்குக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“மங்கலா இருக்குன்னு சொன்னா பேர வெட்டிருவாங்க புள்ள. கண்ணு தெரியாதவளுக்கு மலையில என்ன வேலன்னு செக்ரோல்ல இருந்து தூக்கிருவாங்க.”

செக்ரோல் என்பது தோட்டத்து ஆள் பதிவேடு, அதில் பேர் இல்லாவிட்டால் வேலை இல்லை. யார் சொன்னது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எப்போதோ, எங்கேயோ, யாருக்கோ நடந்ததாம். அதை நம்பி இத்தனை வருடமாக, வந்த முகாமையெல்லாம் பாஸாக்கி அனுப்பியிருக்கிறார்கள்! அரிசியில் கல் தெரியாமல், அரும்பெது முற்றிய இலையெது என்று விரலால் தடவிப் பறித்து, கிலோ குறைந்தால் அரைப் பேர் வாங்கிக்கொண்டு. அரைப் பேர் என்றால் அரை நாள் சம்பளம்.

“பேர வெட்டமாட்டாங்கம்மா. கண்ணாடிதான் குடுப்பாங்க,” என்றேன். கங்காணியையும் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் அதையே சொல்ல வைத்தேன். அவர் சொல்லிவிட்டு, தனக்கும் பார்க்க முடியுமா என்று கேட்டார்.

ஆளுக்கு ஆள் படத்தைத் திருப்பித் திருப்பி மாட்டி, முதலிலிருந்து எல்லோருக்கும் பார்த்தேன். நாற்பத்து மூன்று பேருக்குக் கண்ணாடி. கடைசியில் அம்மா. இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, “மங்கலா இருக்கு” என்றார். என் அம்மா அப்படி ஒன்றை ஒத்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு சீட்டை எழுதினேன். எனக்கும் அப்போது எழுத்து மங்கலாகத்தான் இருந்தது.

பெப்ரவரி 19

இரவல் கேள்விகளைத் திறந்தேன். விடையைக் கையால் மூடிக்கொண்டேன். 212: சி. ஏன் சி? யோசித்தேன். அந்த நோயாளிக்கு வலி இருக்கிறதா இல்லையா என்றுகூட நான் கேள்வியில் படித்திருக்கவில்லை. 213, 214, 215 — பத்தில் ஆறுக்குக் காரணம் சொல்ல முடியவில்லை.

மேல, சோத்துக்கை, கீழ, கீழ, பீச்சங்கை.

அம்மாவைப் பார்த்துக் கத்தினேனே.

பெப்ரவரி 21

நிரோஷனிடம் சொன்னேன், தேர்வைச் செப்டெம்பருக்குத் தள்ளிப்போடுகிறேன் என்று. தள்ளிப்போட ஒரு கட்டணம். அதற்கு மேல், சித்திரைக்குள் முடிவு சொல்லாவிட்டால் செல்லசாமி அண்ணன் காணியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். மார்ச்சில் தேறினால் காணி, மெல்பேர்ன் இரண்டையும் எப்படியாவது சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். அது உடைந்தது.

அவர் சொன்னதும் நியாயம்தான். ஊரே அந்தக் கேள்வியைப் படித்துத்தான் எழுதுகிறது. பாஸான பிறகு ஆறுதலாகப் படித்துக்கொள்ளலாமே. நீ ஒருத்தி மட்டும் ஏன் கேஷி என்று கேட்டார்.

அந்தப் பொல்பிட்டிய ஆள் மாதிரி ஒருத்தர் அங்கேயும் வருவாருங்க, அப்பவும் எனக்கு சி-ன்னு மட்டும்தான் ஞாபகம் இருக்கும் என்றேன். அவர் மாணவர் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்துவிட்டார்.

பெப்ரவரி 22

பேச்சு வார்த்தை இல்லை. பருப்புக்கு உப்பில்லை என்பதைக்கூடச் சொல்லவில்லை.

பெப்ரவரி 24

காலையில் மேசையில் கட்டத்தாள் இருந்தது. முன் வராந்தாவை அவரே அழித்திருந்தார், தூள்கூட ஊதிச் சுத்தமாக. பக்கத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில்: ‘வட்டவளைக் குளிருக்கு வராந்தாவில் யார் உட்காருவது?’

வாட்ஸப் குழுவை விட்டு வெளியேறினேன்.

மார்ச் 24, ஞாயிறு

நாற்பத்து மூன்று கண்ணாடி கொடுத்து இரண்டு வாரமாகிறது. செலவு மன்றம் பாதி, முதலாளி பாதி. முதலாளியின் பாதிக்கு நன்றி சொன்னேன். விளம்பரம்தானே மிஸ் என்றார், ஆனால் கடைப் பேரை எங்கேயும் போடவில்லை.

பதினொன்று கோணிக்கொண்டு திரும்பி வந்தன. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டும்போது அது கண்ணாடிக் காலை அமுக்கிவிடுகிறது. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. காதுக்குப் பின் வளைவை நிமிர்த்தி, பின்னால் ஒரு இலாஸ்டிக் பட்டி வைத்துத் தைத்தேன். கயிறு அதன் மேலே உட்காரும், கண்ணாடி அசையாது. காளியாயி அக்கா போட்டுக்கொண்டு, எதிர் மலையில் யார் வீட்டுத் துணி காய்கிறதென்று சொல்கிறார். நல்லதா கெட்டதா என்று போகப் போகத் தெரியும்.

அம்மா கண்ணாடியைப் போட்டதும் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “ஒன் மூஞ்சில இத்தன மரு எப்ப வந்துச்சு?”

ஏப்ரல் 20

செல்லசாமி அண்ணன் காணியை இன்னொருவருக்குப் பேசி முடித்துவிட்டார். நேரே வந்து சொன்னார், சங்கடப்பட்டார். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். வருத்தம்தான். வருத்தமில்லை என்று எழுத இந்தக் கொப்பியை நான் வாங்கவில்லை.

நிரோஷன் தாளைக் கிழிக்கவில்லை. மடித்துத் திரும்ப லாச்சியில் வைத்தார்.

ஜூன் 11

அறுபது பக்கம் படித்தேன். வலது பக்கம் தலைவலி. மூன்று வாரமாக இப்படித்தான். கடையில் ஆளில்லாத நேரம் எதற்கும் இருக்கட்டுமென்று என் கண்ணை நானே பார்த்துக்கொண்டேன், எழுத்துப் படத்தில். இரண்டு கண்ணும் கடைசி வரி வரை. படிப்புத்தான் காரணம். கோப்பித் தண்ணீர் குடித்தால் சரியாகும்.

செப்டெம்பர் 14, சனி

கொழும்பில் தேர்வு. முதல் ரயிலில் போய்க் கடைசி பஸ்ஸில் வந்தேன்.

212 வந்தது. அதே வயது, அதே சிவந்த கண், அதே நான்கு விடை. ஆனால் ஒரே ஒரு சொல்லை மாற்றியிருந்தார்கள், இந்த ஆளுக்கு வலி இல்லை. சி தவறு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மேற்பார்வையாளர் நிமிர்ந்து பார்த்தார். படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள்.

நவம்பர் 6

தேறிவிட்டேன். முதலில் அம்மாவுக்குத்தான் ஃபோன் எடுத்தேன். எத்தனையாவது என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லம்மா, பாஸ் மட்டும்தான் என்றேன். சரி பரவாயில்லை என்று ஆறுதல் சொன்னார்.

இனி மெல்பேர்ன். கட்டணம், டிக்கெட், தங்குமிடம் எல்லாம் கூட்டினால் வீட்டில் மிச்சம் ஒன்றும் நிற்காது. நிரோஷன் தாளை எடுத்துக் குசினி, இரண்டு அறை, ஹோல் எல்லாவற்றையும் அழித்தார். வாசல் கதவை மட்டும் விட்டுவைத்தார். கேட்டதற்கு, வந்து போக ஒரு வழி வேண்டாமா என்கிறார்.

2025 மார்ச் 20, மெல்பேர்ன்

செய்முறைத் தேர்வு முடிந்தது. கடைசி நோயாளி ஒரு முதியவர், மரத்தில் பறவை செதுக்குகிறவர். எங்கள் பெண்களைக் கேட்பது போலவே கேட்டேன்: வேலை செய்யும்போது கையை எங்கே வைப்பீர்கள், காட்டுங்கள் என்று. காட்டினார். புத்தகத்தில் உள்ள தூரத்தை விட்டுவிட்டு, அந்தக் கை நின்ற தூரத்தை அளந்து கண்ணாடி எழுதினேன். தேர்வாளர் குனிந்து எதையோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா? ஐயோ, பேசாமல் புத்தகத்தைப் பின்பற்றியிருக்கலாமோ.

மே 8

நல்லதுதான். தேறிவிட்டேன். முதலாளி பஜாரில் பத்துக் கடைக்கு லட்டு அனுப்பிவிட்டு, என் இடத்துக்கு ஆள் கிடைக்குமா என்று பதினோராவது கடையில் விசாரித்திருக்கிறார்.

2026 பெப்ரவரி 17, செவ்வாய்

மெல்பேர்னிலிருந்து மூன்று மணி நேரம் ரயிலில் வந்தால் இந்த ஊர். இன்று வேலையில் முதல் நாள். சிறிய கண் மருத்துவ நிலையம். பொறுப்பாளர் ஹெலன், அம்மா வயதிருக்கும். என் அறையைக் காட்டினார். கண்ணின் பின்புறத்தைப் படம் பிடிக்கும் கருவி, அழுத்தம் அளக்கும் கருவி, எல்லாம் என் மேசையில். பொல்பிட்டிய மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன்.

புதிதாகச் சேர்கிறவர்களின் கண்ணை முதல் நாளே பார்ப்பது இங்கே வழக்கமாம். ஹெலன் என்னை உட்கார வைத்து இடது கண்ணை மறைத்தார், கடைசி வரியைக் கேட்டார். கடகடவென்று சொன்னேன். அவர் ஒரு பொத்தானை அமுக்கினார். திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதையே சொன்னேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. இங்கே அச்சடித்த படமில்லை, திரை. பொத்தானை அமுக்கினால் எழுத்து மாறும். நான் சொன்னது ஹட்டன் கடைப் படத்தின் கடைசி வரி, அத்தனை வருடமாக என் வாயில் இருப்பது. திரையில் என்ன இருந்தது? வலது கண்ணுக்குச் சாம்பல் புள்ளிகள்தான் இருந்தன.

பயணக் களைப்பு, பத்து நிமிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் நின்றேன். வீட்டை விற்று — கட்டாத வீட்டைத்தான் — இவ்வளவு தூரம் வந்து, முதல் நாளே, கண் பார்க்கிறவளுக்குக் கண் சரியில்லை என்றால் என்ன நினைப்பார்கள்? மூன்று மாதம் தற்காலிக நியமனம்தான். நிரோஷனின் விசா என் வேலையில் தொங்குகிறது. ஏப்ரலில் அவர் வர வேண்டும்.

அங்கே விடியற்காலை ஐந்தரை, அம்மா காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் நேரம். ஃபோன் எடுத்தேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கேட்டார்:

“ஒனக்கு யாரு முன்னாடி நின்னு சொல்லிக் குடுத்தா?”

“யாருமில்லம்மா. நானேதான்.”

சிரித்தார். நன்றாக, இருமல் வரும்வரை சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது. பின்னால் யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டது, காளியாயி அக்காவாக இருக்கும். வாறேன் வாறேன் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, எனக்குச் சொன்னார்:

“போயி மங்கலா இருக்குன்னு சொல்லிரு புள்ள. பேரெல்லாம் வெட்டமாட்டாங்க. கண்ணாடிதான் குடுப்பாங்க.”

உள்ளே போய்ச் சொன்னேன். ஹெலன் தலையை ஆட்டிவிட்டு முதல் வில்லையைப் போட்டார். வெள்ளிக்கிழமை கண்ணாடி வருகிறது, பழுப்பு ஃபிரேம்.